மாப்பிள்ளை ஷூ

நிக்காஹ் நாளில் சர்தாருக்கு இருந்த ஒரே பயம் அவனுடைய ஷூதான். மாப்பிள்ளை கழற்றி வைக்கிற ஷூவை மச்சினி திருடி ஒளித்துவைத்து, பேரம் பேசிப் பணம் வாங்குவது அவர்கள் வழக்கம். மச்சினி கைசர் ஜஹானோ ஊருக்கே தெரிந்த வாயாடி. அவள் ஒருமுறை மூக்கைப் பொத்தினால் போதும், திருவண்ணாமலை முழுக்கச் சிரிக்கும். கட்டிக்கொள்ளப் போகிற குர்ஷித் பேகம் முதல் நாளே தலைகுனிய வேண்டியதுதான்.

அவனுக்கு மருந்துக் கம்பெனி வேலை. செங்கம், போளூர் என்று பஸ் ஏறி, டாக்டர்கள் வாசலில் நைலான் சாக்ஸும் ஷூவுமாகக் காத்து நிற்கிற பிழைப்பு. பாதம் இரண்டும் ஊற்றாக வியர்க்கும். அவன் ஷூவைக் கழற்றினால் நண்பன் வேணு எழுந்து போய் ஜன்னலைத் திறப்பான். கடைசியில் வெட்கத்தை விட்டு ஒரு டாக்டரிடமே கேட்டான். தினமும் சோப்புப் போட்டுக் கழுவு, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடை, பருத்தி சாக்ஸைத் துவைத்து மாற்று, நேற்றுப் போட்ட ஷூவை இன்று காயவிடு என்றார் அவர். கல்யாண வேலையை எல்லாம் அம்மா தலையில் கட்டிவிட்டு, மாப்பிள்ளை ஒரு மாதமாக மொட்டைமாடியில் ஷூ காயவைத்தான்.

ஆனாலும் இன்று பந்தலில் மலை அனல் வந்து முகத்தில் அடித்தது. ஜமக்காளத்தில் உட்கார்ந்தவனுக்குக் கால் பிசுபிசுப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தான். ஷூ இருந்தது. மறுபடி பார்த்தான். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு வளையல் கை நீண்டு ஷூவை இழுத்துக்கொண்டிருந்தது.

“மாப்ள, உங்களத்தான் கேக்கறேன். சம்மதமா?” என்றார் காஜி.

அவர் கேட்டது இரண்டாவது முறை. பந்தலே அவனைப் பார்த்தது. திரைக்கு அந்தப்பக்கம் பெண்களின் பேச்சு நின்றுபோனது.

“கபூல், கபூல்,” என்று பதறினான்.

துவா ஓதி முடிந்ததும் கைசர் ஜஹான் ஷூவோடு வந்தாள். பேரம் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை.

“இந்தாங்க மச்சான். அக்கா உள்ள அழுவுது. ஏன் அவ்ளோ நேரம் யோசிச்சீங்க? அக்காவப் புடிக்கலியா?”

ஒரு மாதமாகக் காப்பாற்றிய மானத்தை சர்தார் தன் வாயாலேயே கப்பலேற்ற வேண்டிய நேரம்.

“அதில்லம்மா. நீ ஷூவ எடுக்கறதப் பாத்துட்டு இருந்தேன். எனக்குக் கால் ஜாஸ்தி வேர்க்கும். நாத்தம் அடிச்சு உங்க அக்காவுக்கு அசிங்கமாயிடுமோன்னு பயம்.”

அவள் ஷூவை மூக்கருகே கொண்டுபோனாள். சர்தார் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஒண்ணும் வரலியே. வெயில்ல காஞ்ச துணி வாசனதான் வருது,” என்றவள் ஷூவோடு உள்ளே ஓடினாள்.

அவன் வெறுங்காலுடன் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். குர்ஷித் பேகத்தின் குரலை அவன் அதுவரை கேட்டதே இல்லை. இப்போது கேட்டான். அழுது அடைத்த மூக்கோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.