ஐந்தாவது தட்டு

இறந்துகிடந்த அப்பாவின் ஒரு கன்னத்தில் சவரம் முடிந்திருந்தபோது வானொலி நிலையத்துக்காரி லைனில் வந்தாள். மகள் ரேஸரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். இன்று காலை ஐந்தே முக்காலுக்கு. வீட்டில்தான். எழுபத்தொரு வயது. குடைக்காரர்கள் குழுவின் பாடகர். ‘இன்னும் ஒரு நிறுத்தம்’ பாடினவர்.

அந்தப் பக்கம் எதையோ தட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"மேடம், எங்ககிட்ட இருக்கிற விவரப்படி அவர் இறந்து நாலு வருஷம் ஆச்சே."

"அது நீங்க தப்பாச் சொன்னது. இப்பதான் நிஜமா இறந்திருக்காரு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. நிலையத்துக்காரி நல்ல பெண்தான், எரிந்து விழவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை அஞ்சலி சொல்லி வழக்கமில்லை, முதலில் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்கு மேலே யாராவது கையெழுத்துப் போட வேண்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மகள் பரவாயில்லை என்று போனை வைத்துவிட்டு அடுத்த கன்னத்துக்கு நுரை பூசினாள். பதினோரு நாளாக அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. அழுகை எங்கேயோ இருந்தது, ஆனால் அதை எழுப்பி உட்கார வைக்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

அப்பா ஒரு காலத்தில் பெரிய ஆள். எவ்வளவு பெரிய ஆள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் அவள் சொல்வதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. நாலு பேர் சேர்ந்து ஒரு குழு. கொட்டுகிற மழையில் ஆளுக்கொரு கையில் குடை பிடித்தபடி ஒரு கச்சேரியை முடித்ததால் அந்தப் பெயர். குடை பிடித்துக்கொண்டு கிடார் எப்படி வாசித்தார்கள் என்று அவள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டால் மட்டும் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். இரண்டு வருஷம் அந்த ஒரு பாட்டு பஸ்ஸிலும் சலூனிலும் டீக்கடையிலும் ஓடியது. பிறகு ஓடவில்லை, அவ்வளவுதான்.

பாட்டுத் தொடங்குவதற்கு முன் டிரம்மர் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தட்டி நாலு எண்ணுவார். ஐந்தாவதில் அப்பா பாட வேண்டும். ஒத்திகையில் ஒரு நாள்கூட அவர் சரியாக வந்ததில்லை. பதிவு நாளிலும் வரவில்லை. டிரம்மர் முறைத்துக்கொண்டே இன்னொரு தட்டு தட்ட, அதற்குப் பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். பணம் கட்டி எடுத்த ஒரு மணி நேரம் முடிந்துவிட்டதால் அதையே வைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஊரே அந்த ஐந்து தட்டுக்காகத்தான் பாட்டைக் கேட்டது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் கம்பியில் ஐந்து தட்டு தட்டிவிட்டுப் பாட ஆரம்பிப்பார்கள். அது தப்பு என்று குழுவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

பிறகு ஒரு பெரிய கம்பெனி, குரல் மட்டும் போதும், மற்ற மூன்று பேர் வேண்டாம் என்றது. அப்பா போனார். போகும்போது டிரம்மரிடம், நீ கொஞ்சம் பொறு, உன்னை உள்ளே இழுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இழுத்துக்கொள்ளவில்லை. தனியாகப் பாடிய இசைத்தட்டு கடைகளில் தூசி பிடித்தது. முதலில் கர்வத்தில் பேசாமல் இருந்தவர் பிறகு வெட்கத்தில் பேசாமல் இருந்தார். முப்பத்தொரு வருஷம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அவர் ‘பிரேக் சார்’. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கிலேயே வாழ்க்கையை ஓட்டியவர். இந்தக் கடைசி இரண்டு நாளும் நினைவு தப்பிக் கிடந்தபோதுகூட வலது கால் மட்டும் மெத்தையை அழுத்திக்கொண்டே இருந்தது.

சவரம் முடிந்தது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு அவள் கீழே இறங்கிப் போய் டிரைவிங் பள்ளிக் காரின் கதவைத் திறந்தாள். முன்பக்கப் பெட்டியில் லைசென்ஸ் விண்ணப்பங்களுக்கு அடியில் அந்தக் கடிதம் இருந்தது. அதில்தான் டிரம்மரின் நம்பர் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் ‘மறைந்த பாடகர்’ என்றார். அவள் பதறிப் போனை எடுத்தாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "விடும்மா" என்றார். "உயிரோட இருந்தப்ப வருஷத்துக்கு ஒரு தடவை போட்டா பெரிசு. செத்துப் பார்ப்போமே." சொன்னது போலவே அந்த மாதத்தில் மூன்று தடவை போட்டார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தான் செத்துப்போன கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது, சிரிப்பு நின்றது. ‘குடும்பத்தாருக்கு’ என்று போட்டு டிரம்மர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். எனக்கு அவன்மேல் கோபம் தீர்ந்து பல காலம் ஆகிறது, அதை அவனிடம் நேரில் சொல்லாமல் போனேனே என்றுதான் என்மேல் கோபம் என்று முடித்திருந்தார். அப்பா அதைக் காருக்குள் உட்கார்ந்து படித்தார். வெகுநேரம் இறங்கவில்லை. போன் பண்ணுங்கப்பா என்று அவள் சொன்னபோது, "அவன் செத்தவனை மன்னிச்சிருக்காம்மா. என்னை இல்ல" என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு கார்டை வாங்கி வந்து, குடும்பத்தின் சார்பில் நீயே நன்றி சொல்லி எழுது என்றார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ‘அப்பா உங்களைப் பற்றி அடிக்கடி பேசுவார்’ என்று எழுதியதை அடிக்கச் சொல்லி, ‘எப்போதும்’ என்று மாற்றச் சொன்னார். கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்காகத் துக்கம் விசாரித்ததற்கு நன்றி சொல்லி. அதைப் போல அவமானம் அவளுக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை அப்படி நடந்தது. மாத்திரை கொடுத்துத் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தபோது அப்பா, "அவனைக் கூப்பிடலாமா?" என்றார். யாரை என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கூப்பிட்டால் கார்டைப் பற்றி அவள்தான் சொல்ல வேண்டும். களைப்பு வேறு. நாளைக்குப் பார்க்கலாம்ப்பா என்றாள். புதன்கிழமை அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது.

இப்போது காருக்குள் உட்கார்ந்தபடியே நம்பரை அழுத்தினாள். நாலைந்து மணி அடித்ததும் டிரம்மரே எடுத்தார். தான் யார் என்று சொல்லி, அப்பா தவறிவிட்டார் என்றாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று டிரம்மர் கேட்டார். இரண்டு மணிக்கு என்றாள். வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

மாடி ஏறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன் செத்தவன் இன்றைக்கு எப்படிச் செத்தான் என்று அவர் கேட்கவே இல்லை. வயதாகிவிட்டது, குழம்பியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நேரில் வந்து குழப்பம் தெளிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

பத்து மணிக்குமேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மொத்தம் பதினைந்து பேர் இருக்கும். பள்ளியின் மெக்கானிக், மேல்மாடித் தையல்காரர், அப்பாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட சிலர். சவப்பெட்டியின் தலைமாட்டில் குழுவின் பழைய படத்தை வைத்திருந்தாள். நாலு பேர், நாலு குடை. கிடார்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், நாலாவது ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பழைய மாணவி ஒருத்தி படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சார் பாடுவாரா என்று கேட்டாள். மூன்று தடவை டெஸ்டில் தோற்று, ஒரு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஒரு நாள்கூட முணுமுணுத்துக் கேட்டதில்லையே என்றாள். மகள் ஆமாம் என்று மட்டும் சொன்னாள். வானொலி நிலையத்திலிருந்து போன் வரவில்லை.

டிரம்மர் ஒரு மணிக்கு வந்தார். மூன்று பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். கைத்தடி, நன்றாகத் தேய்த்த சட்டை, இடது காதில் மெஷின். சிறு வயதில் அவளை டிரம்மின் மேல் உட்கார வைத்துத் தட்டியவர் இவர்தானா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. பெட்டியின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொம்ப நேரம் முகத்தைப் பார்த்தார்.

"தூங்குமூஞ்சி" என்றார் கடைசியில். அந்தக் காலத்தில் அவர் அப்பாவைக் கூப்பிடும் பெயர் அதுதான்.

மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "மாமா, அந்தக் கார்டு..." என்று தொடங்கினாள்.

"தெரியும்மா."

சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தார். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. "கையெழுத்து உன்னுது. ஆனா ‘அடிக்கடி’ய அடிச்சு ‘எப்போதும்’னு போட்டிருந்துச்சு. அப்பனைப் பறிகொடுத்த பொண்ணு அவ்வளவு யோசிச்சா எழுதுவா? ஒவ்வொரு வார்த்தையையும் அடிச்சு அடிச்சு எழுதறது அவன் புத்தி. கவர்ல பள்ளிக்கூட நம்பர் இருந்துச்சு. போன் பண்ணேன். அவன்தான் எடுத்தான்."

"பேசினீங்களா?"

"இல்ல. சும்மா இருந்தேன். அவன்பாட்டுக்கு, ‘ஓட்டறது இருக்கட்டும், முதல்ல நிறுத்தக் கத்துக்கலாம், வாங்க’ன்னான்."

புதிதாகப் போன் பண்ணுகிற எல்லோரிடமும் அப்பா சொல்லும் வசனம் அது. அவளுக்கு அந்தப் பேசாத போன்கள் நினைவுக்கு வந்தன. வருஷத்துக்கு இரண்டு மூன்று வரும். மற்ற நேரம் எதிரில் சத்தமில்லையென்றால் உடனே வைத்துவிடும் அப்பா, அந்தப் போன்களை மட்டும் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். யாருப்பா என்று அவள் ஒரு தடவை கேட்டதற்கு, தெரியலை, மூச்சு விடுற சத்தம்தான் கேட்குது என்றார். அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் வைப்பார்.

"நீங்களாவது பேசியிருக்கலாமே மாமா."

"அவன் ஆரம்பிப்பான்னு இருந்தேன்." டிரம்மர் கார்டைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். "எப்பவும் அவன் லேட்டாத்தானே வருவான். நான் ஒரு தட்டு சேர்த்துப் போடுவேன், வந்துடுவான். நாலு வருஷம் போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை அவன் வாயே திறக்கல."

இப்படியே விட்டுவிடலாம். அவர் நம்பிக்கொண்டிருப்பதை அப்படியே நம்பிக்கொண்டு மூன்று பஸ் ஏறி வீட்டுக்குப் போவார். யாருக்கும் எதுவும் தெரிய வராது. அவளுக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

"திறந்தாரு மாமா" என்றாள். "போன செவ்வாய்க்கிழமை. உங்களைக் கூப்பிடலாமான்னு கேட்டாரு. நான்தான் நாளைக்குன்னு சொன்னேன். மறுநாள் அவருக்குப் பேச்சில்ல."

டிரம்மர் அவளைப் பார்க்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் கைத்தடியின் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"செவ்வாய்க்கிழமை நான் வீட்டுலதான் இருந்தேன்" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் வந்தது, நிற்கவும் இல்லை. அவர் கையை நீட்டி அவள் தலைமேல் வைத்தார். மெக்கானிக் வந்து வேன் வந்துவிட்டது என்று சொல்லும்வரை கை அங்கேயே இருந்தது.

மெக்கானிக்கும் தையல்காரரும் மாணவர்களும் சேர்ந்து பெட்டியை இறக்கினார்கள். மாடிப்படித் திருப்பத்தில் கொஞ்சம் இடித்தது. வேனின் பின்கதவு மூடியதும், மகள் டிரம்மரைப் பள்ளிக் காருக்கு அழைத்துப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டாள். சாவியைத் திருப்பியதும் வானொலி தானாக உயிர் பெற்று ஏதோ பெயின்ட் விளம்பரம் பாடியது. அதை அணைத்தாள்.

வேன் கிளம்பியது. அவள் முதல் கியரைப் போட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினாள், மறுபடியும் நின்றது. குனிந்து பார்த்தாள். பக்கத்து சீட்டின் பிரேக்மேல் டிரம்மரின் வலது கால் இருந்தது.

"மாமா, கால்."

அவரும் குனிந்து பார்த்தார். அந்தப் பிரேக்கின் ரப்பர், ஒரே கால் முப்பத்தொரு வருஷம் அழுத்தியதில் நடுவில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"இது அவன் சீட்டா?"

"ஆமா மாமா."

முன்னால் போன வேன் தெருமுனையில் திரும்புவதற்கு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. மகள் கைகளை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டாள். அவராகக் காலை எடுக்கட்டும் என்று காத்திருந்தாள்.