நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

ஊட்டச்சத்துப் படிப்பு என்றால் சமையல் படிப்பு என்று நினைத்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு உதவும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் நாங்கள் கற்றது வேறு. ஒருவர் நேற்று முழுக்க என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுவது. "காலைச் சாப்பாடு என்ன?" என்று கேட்கக் கூடாது, பட்டினி கிடந்தவரும் எதையாவது சொல்லிவிடுவார். "எழுந்ததும் முதலில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். மரியாதையாகப் பேச வேண்டும். பதில் என்னவானாலும் முகம் மாறக் கூடாது, மாறினால் அடுத்து வருவது பொய்தான் என்பார் எங்கள் பேராசிரியர், மா என்பது அவர் பெயர்.

எனக்கு ஜோடி கயோன் அக்கா. நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதி வந்ததால் என்னைவிட ஒரு வயது மூத்தவள். கேன்டீனில் தினமும் எதிரெதிரே உட்காருவோம்.

"எழுந்ததும் முதல்ல என்ன சாப்பிட்டீங்க, மேடம்?"

"அய்ய, மேடமாம்! போக்கா."

"சொல்லுடி நாரெ. என் மூஞ்சி மாறவே மாறாது பாரு. கல்லு!"

உண்மையிலேயே மாறவில்லை. அதனால்தான் சொன்னேன். அறை வாடகை போக என்னிடம் சாப்பாட்டுக்கு மிஞ்சுவதில்லை. நான் வேலை பார்க்கும் கடையில், நேரம் கடந்துபோன முக்கோணச் சோற்றுப் பொட்டலங்களைப் பிற்பகல் இரண்டு மணிக்கு அலமாரியிலிருந்து எடுத்துவிடுவோம். அதைத்தான் சரக்கறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடியே தின்கிறேன். இரவுக்கும் அதுதான். கேன்டீனில் "சாப்பிட்டு வந்துட்டேன்" என்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

"அப்ப தினமும் என் தட்டப் படம் எடுக்கறியே? அளவு பாத்துப் பழகறேன்னு சொன்ன?"

"அது அம்மாவுக்கு அனுப்ப."

அம்மா எங்கள் கடலோர ஊரான சாம்சோக்கில் ஒரு பள்ளிச் சமையற்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றுகிறவள். வெள்ளைக் கோட்டு போட்ட உணவியலாளர் பட்டியல் எழுதித் தர, அம்மா கிளறுவாள். நான் அந்தக் கோட்டைப் போட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பேச்சு. மதியமானால் படம் கேட்பாள். கயோன் அக்காவின் தட்டைப் பார்த்துவிட்டு, "மீன் சின்னதா இருக்கே, வாயத் தொறந்து இன்னொண்ணு கேளுடி" என்று எழுதுவாள். நான் தின்பது தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து என்னை ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். படிப்பு அத்தோடு சரி.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்டயே இருக்கும்டி." பிறகு, சொன்னதைப் பதிவுசெய்துகொள்ள ஒப்புதல் தாளை நீட்டினாள். "சும்மா பயிற்சிக்குத்தான், கையெழுத்துப் போடு." போட்டேன்.

நவம்பரில் துறை விழா, அதில் ஆய்வுப் போட்டி. நான்கு ஆண்டு மாணவர்களும் அரங்கில் இருந்தார்கள். மேடையில் கயோன் அக்கா. திரையில் முதல் வரி: பெண், வயது 21, பெயர் தவிர்க்கப்பட்டது, தாய் கடலோர ஊரில் பள்ளிச் சமையல்காரர். அடுத்து: நின்றபடியே உண்கிறார். அதற்கடுத்து: தோழியின் தட்டைப் படமெடுத்துத் தாய்க்கு அனுப்புகிறார்.

முதலாண்டு அறிமுகத்தில் அம்மாவின் வேலையை நெஞ்சு நிமிர்த்திச் சொன்னவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து யாரோ "அய்யோ பாவம்" என்று உச்சுக்கொட்டினார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்காவின் குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் சரியாகத் தழுதழுத்தது. முதல் பரிசு அவளுக்கு.

அரங்குக்கு வெளியே நடைவழியில் அவளை மடக்கினேன்.

"பேரு போடலயேடி. நீதான கையெழுத்துப் போட்ட? துறையில ஏதாச்சும் உதவி பண்ணுவாங்கன்னுதான்..."

"நான் உதவி கேட்டனாக்கா?"

"இவ்ளோ பெருசா எடுத்துப்பன்னு தெரியாது."

நான் அழுதேன். அவள் முகம் மாறவில்லை. பாடத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறாள், பாவி. கல் என்று அவள் சொன்னதை நம்பிக் கொட்டிய என் வாயைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று முதல் அம்மாவுக்குப் படம் போகவில்லை. போன் கேமரா கெட்டுவிட்டது என்றேன். கேன்டீனில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

டிசம்பரில் அதே சாப்பாட்டுக் கேள்விகளோடு மறுபதிவு. அதே ஜோடிகள்தான் என்று மா பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"நேத்து எழுந்ததும் முதல்ல என்ன சாப்பிட்டீங்க, மேடம்?" அக்கா சிரித்துப் பார்த்தாள்.

"காலையில ஒண்ணுமில்லீங்க. மதியம் கேன்டீன். பார்லி சோறு ஒரு கிண்ணம், பாதி ஒதுக்கிட்டேன். முளைப்பயறு சூப் மூணு கரண்டி. கானாங்கெளுத்தி வறுவல் ஒரு துண்டு, தோல உரிச்சு ஓரமா வெச்சுட்டேன். கிம்ச்சி ஊறுகாய் அஞ்சு துண்டு, தொடவே இல்ல."

மீன் தோல் வரை எழுதிக்கொண்டே வந்த பேனா நின்றது. எங்கள் வகுப்பில் மீனைத் தோலுரித்துவிட்டுத் தின்பவள் ஒருத்திதான்.

"நாரெ... இது என் தட்டுடி."

"எழுதுங்க. சொல்றவங்கள சந்தேகப்படக் கூடாதுங்க."

காது மடல்வரை சிவந்துவிட்டது அவளுக்கு. உதடு துடித்தது.

"முகம் மாறக் கூடாதுங்க," என்றேன்.