உள்ளங்கையில் பட்டணம்

12 ஏப்ரல் 1942, ஞாயிறு.
இன்று ஒரு சிறு பிழை நேர்ந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்துப் படித்த பாடத்தை, மலர்த்தி ஒப்பித்துவிட்டேன்.

இவ்வளவு எழுதிவிட்டு எத்திராஜ் பேனாவை மூடினான். மறுபடி திறந்து 'சிறு' என்ற சொல்லை அடித்தான். அடித்த இடம் அசிங்கமாகத் தெரிந்ததால் அதன் மேலேயே 'சிறு' என்று திரும்பவும் எழுதினான். ஒரு குடும்பத்தை மாட்டுவண்டியோடு கடலைப் பார்த்து அனுப்பிவைத்த பிழைக்கு எந்த அடைமொழி பொருந்தும் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

எத்திராஜுக்கு இருபத்தொரு வயது. பூந்தமல்லியில் அத்தை கன்னியம்மாள் வீட்டில் தங்கியிருந்தான். பகலில் நெல் மண்டியில் மூட்டைகளுக்கு அடையாளம் போடும் வேலை. மாலையில் அப்துல் ஜப்பார் வாத்தியார் நடத்தும் டைப்ரைட்டிங் வகுப்பு. அந்த வகுப்பில் அவனைவிட வேகமாக அடிப்பவர்கள் உண்டு. அவனைப்போல் அடித்ததைப் பத்துமுறை சரிபார்த்துவிட்டுப் பதினோராம் முறையும் சந்தேகப்படுபவர்கள் கிடையாது. இந்தக் குணத்தைப் பொறுப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டுதான், பட்டணத்துக் காகித மண்டி முதலாளி மணவாளனிடம் ஜப்பார் வாத்தியார் இவனைப்பற்றிச் சொல்லிவைத்தார். அச்சகங்களுக்குக் காகிதக் கட்டு கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு குமாஸ்தா வேண்டும். பட்டணம் பழக்கமா என்று மணவாளன் கேட்டு எழுதியிருந்தார். "சந்துபொந்தெல்லாம் தெரியும்" என்று எத்திராஜ் பதில் போட்டான்.

அவன் அதுவரை பட்டணம் பார்த்தது ஒரே தடவை. அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தபோது துணைக்குப் போய், ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

திங்கட்கிழமை காலை மணவாளனை நேரில் பார்க்க வேண்டும். "அவரு தெருத்தெருவாக் கேப்பாருப்பா, சரியாச் சொல்லலைன்னா வேலை கெடையாது" என்று ஜப்பார் வாத்தியார் எச்சரித்திருந்தார். எனவே ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தனியாகப் பட்டணத்தைச் சுற்றிப் பார்த்துப் பொய்யை நிஜமாக்கிவிடுவது என்று எத்திராஜ் திட்டம் போட்டான்.

திட்டம் போடுவதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு வரைபடத்தை இரவல் வாங்கி, தெருக்களை டைப்ரைட்டிங் பாடம் போலவே விரல்களில் ஏற்றிக்கொண்டான். வடக்கே பார்த்து நின்று, மெஷின்மேல் வைப்பதுபோல் கைகளைக் கவிழ்த்து வைத்தால், இடது சுண்டுவிரல் மேற்கே தங்கசாலைத் தெரு. அதற்கடுத்த விரல் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. இடது ஆள்காட்டி விரல் பிராட்வே. வலது ஆள்காட்டி அரண்மனைக்காரன் தெரு. நடுவிரல் தம்புச் செட்டித் தெரு. மோதிரவிரல் லிங்கிச் செட்டித் தெரு. சுண்டுவிரல் கடற்கரைச் சாலை. சாப்பிடும்போதும் தட்டோரத்தில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை கடைத்தெருவிலிருந்து வந்த அத்தை, "டேய், பட்டணத்துல இன்னாமோ ஆயிட்ச்சாம்டா" என்று ஆரம்பித்தபோது, கோவிந்தப்ப நாயக்கன் தெரு நழுவிவிடுமே என்று கையை உயர்த்தி அவள் வாயை அடைத்தான்.

போதாக்குறைக்கு ஒரு விதியும் வைத்துக்கொண்டான்: யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. ஊர் தெரிந்தவன் கேட்பானா?

காலையில், பெட்ரோல் பஞ்சத்தால் கரியடுப்பைப் பின்னால் சுமந்துகொண்டு ஓடும் பஸ்ஸில் ஏறினான். உள்ளே அவனைத் தவிர யாருமில்லை. கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஊரே இப்டி வந்துகினு கீது, நீ அப்டிப் போய்கினு கீறே?"

ஏன் வருகிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. விதி தடுத்தது. "வேலை இருக்கு" என்றான், ஊர் தெரிந்தவனின் குரலில்.

எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஜட்கா, கைவண்டி, ரிக்‌ஷா. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு திருவேற்காட்டு அம்மனைப் பார்க்க வருவது வழக்கம்தான். இன்று கூட்டம் அதிகம் என்று நினைத்தான். ஒரு வண்டியில் ஆட்டுக்கல் போயிற்று. பொங்கல் வைக்கிற இடத்தில் சட்னி அரைப்பார்கள் போலும். ஒன்றில் கட்டில் போயிற்று. வயதானவர்கள் படுக்க வேண்டாமா? ஒன்றில் தையல் மெஷின் போயிற்று. இதற்குக் காரணம் கண்டுபிடிக்க அமைந்தகரை வரை யோசித்து, கடைசியில் வேண்டுதல் என்று முடிவு செய்தான். அம்மனுக்குப் பாவாடை தைத்துச் சாத்துவார்கள்.

பட்டணம் மூடிக் கிடந்தது. தங்கசாலைத் தெருவில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையை வெள்ளைக்காரன் ஊரில் இவ்வளவு ஒழுங்காக அனுசரிக்கிறார்களே என்று மெச்சிக்கொண்டான். நடுத்தெருவில் ஒரு பசுமாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. தலையில் இரும்புத் தொப்பி வைத்த ஒருவர் விசிலோடு போனார். அவரும் அவனைப் பார்த்தார். அவனும், தினமும் இரும்புத் தொப்பிகளைப் பார்ப்பவன்போல் பார்த்தான்.

சட்டைப் பைகளுக்குள் விரல்கள் தட்ட, தெருக்கள் வரிசைப்படி வந்து நின்றன. கோவிந்தப்ப நாயக்கன் தெரு வந்தது. பிராட்வே வந்தது. எத்திராஜுக்கு நெஞ்சு விரிந்தது. குறுக்குச் சந்துகளில் புகுந்து, வெளியே வந்து, திரும்பப் புகுந்து, கையில் காகிதக் கட்டு இருப்பதாகப் பாவித்துப் பூட்டிய கதவுகளின் முன் நின்று "சார், டெலிவரி" என்றுகூடச் சொல்லிப் பார்த்தான்.

உச்சி வெயிலில் தம்புச் செட்டித் தெருவில் நின்றபோது அந்த மாட்டுவண்டி வந்தது. பாத்திரம், பாய்ச்சுருள், பின்னால் கட்டிய கிளிக்கூண்டு. உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தையோடு.

"நைனா, பூந்தமல்லி ரோட்டுக்கு எப்டிப் போறது?" என்றான் வண்டிக்காரன். "நான் மீஞ்சூரு ஆளு. இந்தச் சந்தெல்லாம் எனுக்கு ஒண்ணியும் பிரியல."

"எங்க ஊட்டுக்காரரு கடையப் பூட்டிகினு சைக்கிள்ல வரேன்னு சொல்லிட்டாரு, தம்பி," என்றாள் அந்தப் பெண். "கோயிலைத் தாண்டி ஒரு தெரு எனக்குத் தெரியாது."

"யாரு? யாரு?" என்றது கிளி.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் எத்திராஜிடம் வழி கேட்கிறார். இதைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சொல்ல மனம் வருமா? கைகளை வெளியே எடுத்தான். மரியாதையாக, ஏடு விரிப்பதுபோல் உள்ளங்கைகளை மேலே மலர்த்திப் பார்த்தான். வண்டியைப் போலவே வடக்கே பார்த்து நின்றான். நடுவிரல், தம்புச் செட்டித் தெரு, நிற்கும் இடம். அதற்கு வலப்பக்கம் ஆள்காட்டி விரல். அப்படியானால் அரண்மனைக்காரன் தெரு வலப்பக்கம். அதற்கப்புறம் பிராட்வே.

"வலது பக்கம் திரும்பி நேராப் போங்க. ரெண்டு தெரு தாண்டினா பெரிய ரோடு வந்துடும்."

"நிச்சயமாத் தெரியுமா தம்பி?"

"பட்டணத்துல எனக்குத் தெரியாத தெருவே கிடையாதும்மா."

வண்டி வலப்பக்கம் திரும்பிப் போயிற்று. அந்தப் பக்கமிருந்து காற்று உப்பாக அடித்தது. அவன் கால்கள், நாம் வந்தது எதிர்ப்பக்கமாயிற்றே என்று முனகின. கால் நடந்த வழியைவிட விரல் படித்த வழிதான் அவனுக்கு உறுதியாகத் தோன்றியது.

தாகம் எடுத்தது. ஒரு காபி கிளப் வாசலில் ஒருவர் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்பது வழி கேட்பதில் சேராது என்று விதியைத் தளர்த்திக்கொண்டு கேட்டான். அவர் துலுக்கானம் என்று பெயர் சொன்னார். உள்ளே போய்ச் சொம்போடு வந்தார்.

"நீ இன்னா மாமே, இங்க சுத்திகினு கீறே? ஊரக் காலி பண்ணச் சொல்லி கெவருமெண்டே சொல்ட்டான். ஜப்பான்காரன் கப்பல் வருதாம்."

குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. "அண்ணாத்தே, தம்புச் செட்டித் தெருவுல வலது பக்கம் திரும்பினா பிராட்வேதானே?"

"வலப்பக்கமா? அது ஹார்பரு. குண்டு போட்டா மொதக் குண்டு அங்கதான்."

எத்திராஜ் கைகளைக் கவிழ்த்தான். ஆள்காட்டி விரல் இடப்பக்கம் வந்தது. மலர்த்தினான். வலப்பக்கம் போயிற்று. கவிழ்த்தான். மலர்த்தினான்.

"கைக்கு இன்னா வந்துட்சு ஒனக்கு?" என்றார் துலுக்கானம். அவர் கேட்டு முடிப்பதற்குள் எத்திராஜ் ஓடிக்கொண்டிருந்தான்.

கடற்கரைச் சாலையில் வண்டியில்லை. காவலுக்கு நின்றவன் அருகே நெருங்கவிடாமல் விரட்டினான். திரும்பும் பஸ்களில் கூரைமேல்கூட இடமில்லை. பூந்தமல்லி வரை நடந்தான். போகும் வழியில் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் கிளிக்கூண்டு தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனான். ஒன்றில் கோழிக்கூண்டு இருந்தது. கோழிகூட அவனைக் கேவலமாகப் பார்த்தது.

வீட்டை அடையும்போது பொழுது சாய்ந்திருந்தது. கூடத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். சுவரோரம் ஒரு சைக்கிள்.

"எங்கடா போய்த் தொலஞ்சே?" என்றாள் கன்னியம்மாள். "இவருதான்டா காகித மண்டி மொதலாளி. நம்ம பின்கட்டுல தங்கிக்கட்டும்னு ஜப்பார் சாய்பு அனுப்பிச்சிருக்காரு. பாவம், சம்சாரமும் கொழந்தையும் மத்தியானமே வண்டியேறினவங்க, இன்னும் வந்து சேரல."

எத்திராஜ் சுவரோரத்துச் சைக்கிளைப் பார்த்தான்.

"நீதானா எத்திராஜ்? சந்துபொந்தெல்லாம் தெரியும்னு எழுதினவன்?" என்றார் மணவாளன். "தம்புச் செட்டித் தெருவுலேர்ந்து பூந்தமல்லிக்கு இவ்வளவு நேரமா ஆகும்? நீயே சொல்லுப்பா."

எத்திராஜின் நாக்கில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது: கூட்டங்க, வந்துடுவாங்க. பொய்கூட இல்லை. அதைச் சொன்னால் வேலை பிழைக்கும். ஆனால் தேட வேண்டிய இடம் எதுவென்று இந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். முதல்தடவையாக அவனுக்கு ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது!

"வண்டியில கிளிக்கூண்டு இருந்ததுங்களா?"

"ஆமாம்! பார்த்தியா?"

"வழி கேட்டாங்க. நான்தாங்க சொன்னேன். ஹார்பர் பக்கம் அனுப்பிட்டேன்." அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. "எனக்குப் பட்டணம் தெரியாதுங்க. எழுதினது பொய்."

"அடப்பாவி!" என்றாள் அத்தை.

மணவாளன் சைக்கிளை வெளியே தள்ளினார். "பின்னால ஏறு. எந்த இடம்னு காட்டு."

எத்திராஜ் ஏறினான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டான். கரையான்சாவடியைத் தாண்டியதும் இருட்டிலிருந்து, "யாரு? யாரு?" என்று குரல் வந்தது.

மணவாளன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி இவனைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தத் தம்பிதாங்க! ஏம்பா, வண்டியக் கடலுக்குள்ளயே ஓட்டச் சொன்னியா? துப்பாக்கியத் தூக்கிகினு ஒருத்தன் ஓடியாறான். வேம்புலிக்கு மாட்டத் திருப்பக்கூடக் கை வரல."

"மாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு, அதுவே திரும்பிக்கிச்சு," என்றான் வண்டிக்காரன் வேம்புலி.

"அப்புறம் எப்படி வந்தே?" என்றார் மணவாளன்.

"வழியில பாத்த ஒவ்வொருத்தரயும் கேட்டுகினே வந்தேன். கேட்டா வாய் தேஞ்சா பூடும்?"

"இவன்தான் நம்ம கடைக்கு டெலிவரிக்கு வர இருந்தவன்."

சாமுண்டீஸ்வரி எத்திராஜை உற்றுப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காகிதமெல்லாம் கப்பலேறி இருக்குமே!"

வீடு திரும்பும்போது மணவாளன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்; எத்திராஜ் இரண்டடி பின்னால் நடந்தான். மன்னிப்பு என்ற சொல்லை அவன் மூன்று விதமாக ஆரம்பித்தான். அவர் ஒன்றையும் முடிக்கவிடவில்லை.

"கடையில சரக்கு கிடக்கு. இங்கே கொண்டாந்து சேர்க்கணும். ஈரம் ஏறாத கிடங்கு ஒண்ணு வேணும். இந்த ஊர்ல இருக்கா?"

தெரியும் என்று சொல்ல எத்திராஜின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. மூடினான்.

"நெல்லு வைக்கிற கிடங்கு தெரியுங்க. காகிதத்துக்கு ஆகுமான்னு தெரியாது. கேட்டுச் சொல்றேன்."

மணவாளன் தலையசைத்தார். வேலை உண்டு என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. பின்கட்டில் கிளி வந்தவரையெல்லாம் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தது. விதி எதுவும் இல்லாத பிராணி.

எத்திராஜ் நாட்குறிப்பில் அடித்தும் எழுதியும் மை ஊறிப்போன அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு, கீழே எழுதினான்:

நாளை காலை: நெல் மண்டிக்குப் போகுமுன் காகிதக் கிடங்குக்கு இடம் விசாரிக்க வேண்டும். முதலில் ஜப்பார் வாத்தியாரைக் கேட்க வேண்டும். பிறகு எதிரே வருகிறவர்களை.