இல்லாத படகைக் கூப்பிடுதல்

தூத்துக்குடிப் படகுகளைக் கணினிக்குள் ஏற்றியவர் தனராஜ் சார். அவர் பதவியின் பெயர் விசிட்டிங் கார்டில் இடம் போதாமல் பின்பக்கமும் ஓடும். அவர் நிரலில் ஒவ்வொரு படகும் ஓர் ஆப்ஜெக்ட், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு பொருள். காலையில் நிரல் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்கும். பூஜ்யம் என்று பதில் வந்தால் வீட்டாரின் போனில் பச்சை எழுத்து: 'கரை சேர்ந்தது'.

புன்னைக்காயல் மீனவன் ஜெஸ்டின் கடலில் படகோடு காணாமல் போனான். தேடி ஓய்ந்ததும் படகை நிரலிலிருந்து நீக்கினார்கள். பெயரை மட்டும் நீக்கவில்லை. உடல் கிடைக்காதவன் பெயரை அழிக்க ஊர் சம்மதிக்கவில்லை. நிரல் ஜாவா என்ற கணினி மொழியில் இருந்தது. இல்லாத பொருளைக் கூப்பிட்டால் ஜாவா சிவப்பில் பிழை என்று அலறி விழுந்துவிடும். தினமும் ஜெஸ்டின் பெயரில் விழுந்தது. பார்வையிட வந்த அதிகாரிகள் முன்னாலும் விழுந்தது.

"ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாத்துங்க," என்றார் சார். அதில் பெயரை அடுத்து வரும் புள்ளிக்கு முன்னால் கேள்விக்குறி போட்டுக் கூப்பிட்டால், ஆள் இல்லாவிட்டாலும் நிரல் விழாது, பதில் வெறுமை. "வெறுமைன்னா பூஜ்யம்னு வச்சுக்கங்க," என்று ஞானி போல அருளிவிட்டு, 'பிழையற்ற கடல்' என்ற தலைப்பில் உரையாற்றக் கோயம்புத்தூர் போனார்.

மறுநாள் ஜெஸ்டின் கரை சேர்ந்தான். அதற்கடுத்த நாளும்.

நிரல் எழுதும் விஜிலா ஜெஸ்டினின் தங்கை. அண்ணனுக்கு இறந்தோர் பூசை வைத்துவிட வேண்டும் என்று தவித்தாள். ஜெஸ்டினின் மனைவி, மைனி கிளாடிஸ், ஒத்துக்கொள்ளவில்லை.

"தெனமும் வாரவருக்கு எதுக்கு ஏளா பூச?"

"மைனி, அங்கன படகே இல்ல. மெஷின் சும்மா சொல்லுது." பழைய ஜாவாவை லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினாள். சிவப்பு.

"கத்துனா நெசமாக்கும்? ஒங்க சாரும்தான் கத்துதாரு."

விஜிலா அன்றே ஒரு வரி சேர்த்தாள்: படகு இல்லையென்றால் கூப்பிடாதே, 'தொடர்பு இல்லை' என்று காட்டு. பூசைக்குப் பங்குச் சாமியாரிடமும் சொல்லிவைத்தாள்.

காலையில் அலுவலகத்துக்கு கிளாடிஸ் போன் செய்தாள்.

"ஏளா விஜிலா, அவர நீங்க கூப்பிடலியா?"

"மைனி..."

"வெந்நி போட்டு வச்சேன், ஆறிக் கெடக்கு. தெனமும் குளிச்சிட்டுத்தான போவாரு? கொல்லையில ஈர மணலக் கூட்டிக்கூட்டி எனக்கு இடுப்பே போச்சு. இன்னைக்கித் தரை காஞ்சு கெடக்கு."

அழுகை இல்லை. வெங்காய விலை சொல்லும் குரல்.

விஜிலா நிரலைத் திறந்தாள். அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். பச்சை எழுத்து ஏறியது.

"ஆங், வந்துட்டு," என்றாள் கிளாடிஸ். "சாயங்காலம் வீட்டுக்கு வாளா, மீன்கொழம்பு..." அவள் பேசிக்கொண்டே இருக்க, போனில் அவளுக்குப் பின்னால், கொல்லைப் பக்கம், யாரோ தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது.