வண்டியைத் தூக்கிய கமிட்டி

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தை நிலை நிலையாக எழுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லாரும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, கோபுரம் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சைத் தொடங்குவார்கள். ஊர்க்காற்றிலேயே உயரம் கலந்திருந்தது. அந்தக் காற்றைச் சுவாசித்த திருச்சிக் கத்தோலிக்கப் பங்குக்கோயில் கமிட்டி ஒன்று, தன் பிக்கப் வேனைத் தூக்குவது என்று முடிவு செய்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

வேன் கோயில் டிஸ்பென்சரிக்குச் சொந்தம். நர்ஸ் ரோசரி அதில் வாரம் ஒருமுறை மணப்பாறை தாண்டி மருங்காபுரிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வருவாள். கடைசிக் கிராமம் கரட்டுப்பட்டி. அதற்கு முன்னால் ஒரு ஓடை. தண்ணீர் அதிகமில்லை, பாறைதான் அதிகம். மருந்துப் பெட்டியும் ஆட்களும் ஏறினால் வேன் வயிறு தொங்கும், சைலன்சர் குழாய் பாறையில் இடிக்கும். டிரைவர் தர்மராஜ் இக்கரையிலேயே நிறுத்திவிடுவான். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஊர்ப் பொன்னுத்தாயைப் பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் ஏற்றி அக்கரைவரை கொண்டு வந்தார்கள். வேன் இக்கரையில் நின்றது. இரண்டு கரைக்கும் நடுவே, ஓடையில் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

பொன்னுத்தாய் மறுபடி உண்டாகியிருந்தாள்.

"தை பிறந்தா அவளுக்கு நாள்," என்றாள் ரோசரி கமிட்டியிடம். "அதுக்குள்ள வண்டி அந்த ஓடையைத் தாண்டணும், சார்."

இவ்வளவுதான் விஷயம். ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும். ஆனால் கமிட்டி என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் அற்புதசாமி, கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு கல்லூரிக்குக் கிடைத்ததே தவிர, அவர் நடத்துவதை நிறுத்தவில்லை. இன்னொருவர் இரும்புக்கடை தைரியராஜ். 'தைரியராஜ் இரும்பு மாளிகை அன்பளிப்பு' என்று வேனின் இரண்டு கதவிலும் சிவப்பு எழுத்தில் இருக்கும். அவர் அன்பளிப்பாகக் கொடுத்தது மேலே போர்த்தும் தார்ப்பாய்.

அவர்கள் இருவரும் ரோசரியும் பாலக்கரையில் மீரானின் பட்டறைக்குப் போனார்கள். மீரான் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் காட்டினார்.

"மூணு விதமாத் தூக்கலாங்க. பட்டையைக் கழட்டி உலையில காட்டி வளைச்சுத் தரலாம். சவாரி மெத்துன்னு இருக்கும், ஆனா கொஞ்ச மாசத்துல மறுபடி படுத்துக்கும். கூட ரெண்டு பட்டை போடலாம். நிக்கும், ஆனா தூக்கிப் போடும். இல்லைன்னா அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்டை வைக்கலாம். சட்டுனு முடியும், வளைவுல கொஞ்சம் ஆடும். எது வேணும்னு சொல்லுங்க."

"புவியீர்ப்பு மையம்னு ஒண்ணு இருக்கு மீரான்," என்றார் அற்புதசாமி.

"இருக்கட்டுங்க. அதை எங்க வைக்கணும்?"

அற்புதசாமி சாக்பீஸ் கேட்டார். பட்டறையில் சாக்பீஸ் இல்லை. கரித்துண்டு கிடைத்தது. சுவரில் ஒரு முக்கோணம் வரைந்து, பட்டையை வளைப்பதுதான் விஞ்ஞானபூர்வமானது என்று நிரூபித்தார்.

"கட்டை நம்ம கடையிலயே இருக்கு," என்றார் தைரியராஜ். "நல்ல உயரமா வைங்க பாய். ஓடைச் சேறு கதவுல அடிச்சு பேரே தெரிய மாட்டேங்குது."

"யார் பேரு?" என்றார் அற்புதசாமி.

"கோயில் பேருதான் சார். நம்ம பேருக்குக் கீழ சின்னதா எழுதியிருக்குல்ல."

ரோசரியைக் கேட்டார்கள். கேட்டது மரியாதைக்காக. அவள் கூடுதல் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மாசமா இருக்கிறவங்க படுத்து வர்ற வண்டி. தூக்கிப் போட்டா கஷ்டம்தான். ஆனா ஓடையைத் தாண்டலைன்னா அதுல படுக்கவே ஆள் இருக்காது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்குங்க பாய். மெத்தையை நான் பாத்துக்கிறேன்."

ஆக மூன்று பேருக்கு மூன்று வழி. ஒருவரை விட்டு ஒருவர் சொன்னதை எடுத்தால் மனத்தாங்கல் வரும். கமிட்டிகளுக்கு உண்மையைவிட மனத்தாங்கல்தான் பெரிய பயம். கார்த்திகை முழுக்கக் கூடிக் கூடிப் பேசி ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூன்றையும் செய்துவிடுவது.

"மூணையுமா?" என்றார் மீரான்.

"ஒருமனதான தீர்மானம்."

"சரிங்க," என்று மீரான் உலையைப் பற்றவைத்தார். வண்டி கோயிலுடையது, தீர்மானம் அவர்களுடையது. அவருக்கு அன்றைக்கு வேறு வேலையும் இல்லை.

மார்கழியில் வேன் வெளியே வந்தபோது, தெருவில் நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார்கள். ஒட்டகம் எழுந்து நிற்கிற மாதிரி நின்றது. முதல் பயணத்தைப் பார்வையிடத் தலைவரும் தைரியராஜும் கூடவே கிளம்பினார்கள். முன் சீட்டில் ஏறவே தைரியராஜுக்கு தர்மராஜ் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. மணப்பாறை ரோட்டில் வேன் ஒவ்வொரு குழிக்கும் இருவரையும் கூரைக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் ஓடை வந்தது, பாறைகள் வந்தன, வேன் ஒரு கல்லையும் தொடாமல் அக்கரை ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த ரோசரி கண்ணை மூடிச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். தைரியராஜ் இறங்கிக் கதவைப் பார்த்தார். பெயரில் ஒரு சொட்டுச் சேறில்லை.

"இதுக்குத்தான் திட்டமிடணும்கிறது," என்றார் அற்புதசாமி.

பொன்னுத்தாயின் வீட்டு வாசலில் வேன் பின்புறமாக வந்து நின்றது. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுச் சாயங்காலமே கொண்டுவந்து விடுவதாக ரோசரி சொல்லியிருந்தாள். பொன்னுத்தாய் தலைவாரிப் பூ வைத்துத் தயாராக நின்றாள். தர்மராஜ் பின்கதவைக் கீழே இறக்கினான். வேனின் தளம் அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"எப்படி நர்சம்மா ஏறுறது?" என்றாள் பொன்னுத்தாய்.

வீட்டில் நாற்காலி கிடையாது. கயிற்றுக் கட்டிலைப் போட்டு ஏறப் பார்த்ததில் கயிறு அமுங்கிக் கால் தடுமாறியது. பிள்ளைத்தாய்ச்சி உரல்மேல் கால் வைக்கக் கூடாதென்று அக்கம்பக்கத்துப் பெண்கள் உரலை நகர்த்தவே விடவில்லை. தூக்கி ஏற்றலாமென்று தர்மராஜ் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் பார்த்த பார்வையில் இரண்டு அடி பின்னால் போனான். கணவன் வீரமலைக்குத்தான் யோசனை தோன்றியது.

"ஊர்க்கோடியில மேடு இருக்குல்ல. அங்க வண்டியைக் கொண்டுபோய் ஒட்டி நிறுத்துங்க. சரியா இருக்கும்."

மணப்பாறைச் சந்தைக்குப் போகும் மாடுகளை லாரியில் ஏற்றுவதற்காகக் கரட்டுப்பட்டியில் ஒரு மண்மேடு உண்டு. அளவுக்கு அது கச்சிதம். ஆனால் அதில் ஏறிய எதுவும் ஊருக்குத் திரும்பி வந்ததில்லை. கன்றுக்குட்டியை ஓட்டிப் போகிறவர்கள்கூட அதைச் சுற்றித்தான் போவார்கள். பெண்கள் அதன்மேல் கால் வைப்பதில்லை.

பொன்னுத்தாய் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னை என்ன விலைக்குப் பேசியிருக்க?"

"அட, ஒரு இதுக்குச் சொன்னேன்."

"நான் சந்தைக்குப் போகலை. ஆஸ்பத்திரிக்குப் போறேன். போய்த் திரும்பி வரணும்." பூவை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அற்புதசாமி மூடநம்பிக்கை பற்றிப் பேச வாயைத் திறந்தார். ரோசரி, "வேண்டாம் சார்," என்றாள். திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்புதான். எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்கச் சொன்னது அவள்தானே. ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வாசல் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் கமிட்டி கூடியது. கட்டையை மட்டும் எடுத்துவிடலாமா என்று ரோசரி கேட்டாள். எடுத்தால் ஓடையில் இடிக்கும் என்றார் அற்புதசாமி. அது உண்மை. மேலும் ஒருமனதான தீர்மானத்தை மாற்றுவதற்கு இன்னொரு ஒருமனதான தீர்மானம் வேண்டும் என்றார். அதுவும் உண்மை போலத்தான் ஒலித்தது. தைரியராஜ் இரும்பில் ஏணி செய்து தர முன்வந்தார். பெயர் பொறித்து, ஆயர் வந்து ஆசீர்வதித்துத் தொடங்கிவைக்க வேண்டும். ஆயர் மாசியில் வரும் சாம்பல் புதனுக்குப் பிறகுதான் வருவார்.

"சாம்பல் புதனுக்கு அந்தப் பிள்ளைக்கு மாசம் ஒண்ணு ஆயிருக்கும் அண்ணே," என்றாள் ரோசரி. பிறகு தலைவரைப் பார்த்தாள். "ஸ்டோர் ரூம்ல பிரசங்கத் தொட்டி கிடக்குல்ல சார். அதோட படி வேணும்."

தொட்டி என்றால் கோயிலுக்குள் தூணை ஒட்டி உயரத்தில் நிற்கும் தேக்குமர மேடை. அதில் ஏறி நின்றுதான் ஒரு காலத்தில் பிரசங்கம் செய்வார்கள். மைக் வந்ததும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். மைக் வரும்வரை அதில் ஞாயிறுதோறும் ஏறி வேதாகம நிருபம் வாசித்தவர் அற்புதசாமி. ஒருநாள் அதைத் திரும்ப மாட்டுவார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஸ்டோர் ரூம் சாவியை அவரே வைத்திருந்தார்.

தைரியராஜ் செருமினார். அற்புதசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லாதபோதும் துடைத்தார். புவியீர்ப்பு மையம் வருமென்று மற்ற இருவரும் காத்திருந்தார்கள்.

"அஞ்சு படி," என்றார் கடைசியில். "கைப்பிடி வலதுபக்கம். மூணாவது படி ஆடும், சொல்லி ஏத்துங்க." சாவியை மேஜைமேல் வைத்தார்.

தை பிறந்த வாரத்தில் படியை வேனில் போட்டுக்கொண்டு போனார்கள். வாசலில் இறக்கி வைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் தேக்கைத் தடவிப் பார்த்தார்கள். பக்கவாட்டில் திராட்சைக்கொடி செதுக்கியிருந்தது. இது எங்கே இருந்தது என்று ஒரு கிழவி கேட்டாள். சாமி இருக்கிற இடத்தில் என்றாள் ரோசரி. அது போதுமானதாக இருந்தது.

பொன்னுத்தாய் கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறினாள். மேல்படிக்கு வந்ததும் நின்றாள். அந்தப் படியில் ஏறியவர்கள் பேசாமல் போனதாகச் சரித்திரமில்லை. அவளும் ஊரைப் பார்த்துத் திரும்பி, ஆட்டுக்குட்டியை யார் வீட்டில் கட்டுவது, அரிசிப் பானைக்கு மேல் எந்தக் கல்லை வைப்பது, வீரமலை யாரோடெல்லாம் சேரக் கூடாது என்று விவரமாக எடுத்துச் சொன்னாள். இடையிடையே வலி வந்தபோது நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மைக் இல்லாமலே கடைசி வீடுவரை கேட்டது. வீரமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த ரோசரிக்காக அற்புதசாமி வாசலில் நின்றிருந்தார்.

"மூணாவது படி?"

"ஆடிச்சு சார். சொல்லியிருந்தேன், தாண்டிக் கால் வச்சு ஏறினா."

"இறங்கறப்போ?"

"ஊருக்குத் திரும்பி வந்து இறங்கறப்போ கையில பிள்ளை இருந்துச்சு. தாண்ட முடியலை. நான் கீழ உக்காந்து படியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்."

அற்புதசாமி தைரியராஜின் கடைப்பக்கம் நடந்தார். இரண்டு அங்குல ஆணி இரண்டு வேண்டியிருந்தது.