வெட்டிய இடம்

ஆபீஸில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். ஓய்வுபெற்ற தொழிலாளர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்து, பேச்சை ஒலிப்பதிவு செய்துகொண்டு வருவது வேலை. மற்றவர்கள் கொண்டுவரும் பதிவில் குக்கர் விசில், குழந்தை அழுகை, மருமகள் மேல் குறை என்று சகலமும் இருக்கும். கத்திரியின் பதிவில் ஒரு தும்மல்கூட இருக்காது. பேச்சு கேள்வித்தாளை விட்டு ஓரடி விலகினால் போதும், சிரித்த முகம் மாறாமல், தலையை ஆட்டிக்கொண்டே, மடியிலிருக்கும் கருவியைக் கட்டைவிரலால் நிறுத்திவிடுவான். பேசுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் மனம் நோகுமே என்கிற நல்ல எண்ணம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு லாரி டிரைவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், மீசையில் நரை. பாட்டில் கம்பெனியில் வேலை பார்த்த அம்மாவின் மகன் என்றதும் கத்திரிக்கு ஞாபகம் வந்துவிட்டது. கம்பெனியில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தைப் பற்றிப் போன வருடம் அந்த அம்மாவிடம் நாலு மணி நேரம் பேட்டி எடுத்தது அவன்தான். அம்மா வாதம் வந்து விழுந்து மூன்று வாரமாகிறது, பேச்சு போய்விட்டது என்றார் டிரைவர். ஒரே ஒரு சொல்தான் வருகிறதாம். பசிக்கிறதா என்றாலும் ‘அது’, வலிக்கிறதா என்றாலும் ‘அது’.

“ஸ்ட்ரைக் சமயத்துல நான் கைக்குழந்தை சார். அம்மாவுக்குக் காய்ச்சல்ல பால் வத்திப்போச்சாம். யாரோ ஒருத்தங்க வந்து எனக்குப் பால் கொடுத்திருக்காங்க. ‘ஒருநாள் சொல்றேன்’னே இத்தனை வருஷத்த ஓட்டிட்டாங்க. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு, எல்லாத்தையும் சொல்லிட்டேன்டானு அவ்ளோ சந்தோஷம். நானும் பதிவுலதான் இருக்கே, மெதுவாக் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்.”

அந்தப் பெண் இன்னும் இருந்தால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றார். கத்திரி வேறு வழியில்லாமல் பதிவை ஓடவிட்டான். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் அந்த அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. “ஸ்ட்ரைக்க மீறி வேலைக்குப் போனவகூட பேசினாலே காறித் துப்புவாங்க தம்பி. அப்படிப் போயிட்டிருந்த ஒருத்திதான், இவனை மடியில வாங்கிப் போட்டுக்கிட்டு…” அவ்வளவுதான். அடுத்த நொடியே அதே குரல், “பதினாலாம் நாள் மேனேஜர் வெளிய வந்தாரு” என்றது. ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

டிரைவர் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபிறகு, நடுவில் இருந்ததெல்லாம் எங்கே சார் என்று கேட்டார். கத்திரி உள்ளதைச் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “உங்களுக்காவது ஞாபகமிருக்கா?” என்று மட்டும் கேட்டார். வெட்டிப்போட்ட அந்தக் கால் மணி நேரமும் எதிரில் உட்கார்ந்து கேட்டவன்தானே. அந்த அம்மா நடுவில் சிரித்தது ஞாபகமிருந்தது, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது ஞாபகமிருந்தது. பேர் சொன்னாரா? சொல்லித்தான் இருப்பார். அந்த நேரம் அவன் கண் அடுத்த கேள்வியின் மேல் இருந்தது, பாவி.

கோப்புகளைக் குடைந்ததில் ஒரு காகிதம் கிடைத்தது. வேலைநிறுத்தத்தை மீறி உள்ளே போன பெண்களின் பேரை, கருங்காலிகள் என்று தலைப்பிட்டுச் சங்கத்தார் சுவரில் ஒட்டிய நோட்டீஸ். முப்பத்தொரு பேர். இதை வாசித்துக் காட்டினால் அம்மா தலையசைத்துவிட மாட்டாரா என்று கத்திரிக்கு உயிர் வந்தது. அன்று சாயங்காலமே இருவருமாகப் போனார்கள்.

கட்டிலில் தலையணையில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். கத்திரியைப் பார்த்ததும் அந்த அம்மாவின் பாதி முகம் மலர்ந்தது. விஷயத்தைச் சொல்லிவிட்டு அவன் முதல் பேரை வாசித்தான். “அது” என்று அம்மா பலமாகத் தலையாட்டினார். டிரைவர் சட்டென்று எழுந்துவிட்டார். சரிபார்ப்பதற்காக இரண்டாவது பேரையும் வாசித்தான். “அது.” அதற்கும் அதே தலையாட்டல். மூன்றாவதற்கும் அப்படியே. நிறுத்தினால் அந்தம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார், ஆகவே முப்பத்தொன்றையும் வாசித்து முடித்தான். முப்பத்தொன்றும் ‘அது’தான்.

டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “ஏதாவது ஒரு பேரை நீங்களே சொல்லிடுங்க சார். நான் நம்பிக்கிறேன்.”

கத்திரி காகிதத்தைப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை எல்லாமே நல்ல பேர்கள். ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன, யாருக்கு நஷ்டம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வாய் வரவில்லை.

அப்போது அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தார். நல்ல கையால் மகனைக் காட்டி, “அது” என்றார். குரலைத் தாழ்த்தி, ரகசியம்போல, “அது, அது” என்றார். யாரையோ மிரட்டினார், யாரிடமோ கெஞ்சினார், ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தார், எல்லாம் ‘அது’விலேயே. “ம், சொல்லும்மா, ம்” என்று கட்டிலோரம் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார் மகன். கத்திரி இம்முறை அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எடுக்காமல் இருந்து என்ன, ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவராகக் கையை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி என்பதுபோல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.