கறந்த சூட்டுப் பால்

வள்ளியம்மா வீட்டுப் பாலில் தண்ணீர் என்று சொல்லிவிட்டு எவரும் பிரிக்பீல்ட்ஸில் நிம்மதியாக நடமாட முடியாது. அவள் வாய்க்குப் பயந்து ரயில்வே குவாட்டர்ஸைச் சுற்றிக்கொண்டு போனவர்கள்கூட உண்டு. அப்பேர்ப்பட்டவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம், ஒரே வாரத்தில் வந்த இரண்டாவது துண்டுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயடைத்து நின்றாள்.

அவள் கணவன் கன்னையா தை மாதம் காய்ச்சலில் போய்விட்டான். இருந்தவை இரண்டு பசுக்கள், பால் விற்க அவன் பேரில் இருந்து இவள் பேருக்கு மாற்றி வாங்கிய லைசென்சு, பதினான்கு வயது மகள் தங்கமணி. ஏழாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பால் வாளியைக் கையில் கொடுத்தபோது வள்ளியம்மாவுக்கு மனசே இல்லை. வேறு வழி இல்லை. மாட்டை இவள் பார்க்க வேண்டும், பாலை அவள் ஊற்ற வேண்டும். தங்கமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போனாள், ஆனால் போனாள்.

முதல் காகிதம் திங்கட்கிழமை வந்தது. விடிந்ததும் விடியாததுமாகத் தங்கமணி வாளியோடு படலைத் தாண்டியிருப்பாள், பால் பார்க்கிற இன்ஸ்பெக்டர் வீரசிங்கம் சைக்கிளை நிறுத்தினார். யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக் கால்சட்டை, பொத்தான் ஒன்றுகூடத் தவறாத சட்டை. ஒரு குவளைப் பாலை எடுத்து, அடி கனத்த கண்ணாடிக் குழல் ஒன்றை அதில் மிதக்கவிட்டார். நல்ல பாலில் அது ஒரு கோடு வரை நிற்க வேண்டும். தண்ணீர் சேர்ந்தால் கோட்டைத் தாண்டி அமிழ்ந்துவிடும். அமிழ்ந்தது.

"தண்ணி கிடக்குது பிள்ளை," என்றார் அவர்.

"நாங்க கலக்கலைங்க சார்."

"நான் சொல்லேல்லை. இது சொல்லுது." குற்றத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார்.

சேதி கேட்ட வள்ளியம்மா கொதித்துப்போனாள். புதன்கிழமை அவளே ஆள் அனுப்பி இன்ஸ்பெக்டரை வரவழைத்தாள். கழுவிய செம்பில் அவர் கண்ணெதிரே கறந்து, நுரை பொங்கப் படலுக்கு ஓட்டமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கறந்த சூடு ஆறுவதற்குள் கொடுப்பதுதான் பால்காரனுக்குக் கௌரவம். சூடாக இருந்தால் கலப்படத்துக்கு நேரமே இருந்திருக்காது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். செந்தூலிலிருந்து கிள்ளான் வரை பால் கறந்து பிழைக்கிற அத்தனை பேரும் அதிகாரி வந்தால் இதைத்தான் செய்வார்கள்.

குழல் முன்னைவிட ஆழமாக அமிழ்ந்தது.

வீரசிங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. "செம்பிலை முதலே தண்ணி விட்டு வைச்சிருக்கிறியள். எனக்கு இந்தப் பழைய வித்தையெல்லாம் தெரியும். வாற செவ்வாய்க்கிழமை மூண்டாந்தரம் பாப்பன். அப்பவும் இப்பிடியெண்டால் லைசென்சைப் பறிக்க வேண்டி வரும்." இரண்டாவது காகிதத்தையும் எழுதி வள்ளியம்மா கையில் கொடுத்தார்.

அப்படித்தான் அவள் வாயடைத்து நின்றாள். மாட்டை ஏசலாம், மாமியாரை ஏசலாம், கண்ணாடிக் குழலை என்னவென்று ஏசுவது?

அடுத்த சந்தில் மாடு வைத்திருந்த நாகையா படலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தான். போன மாதம் அவன் லைசென்சைப் பறித்திருந்தார்கள். தனக்கு வந்தது இன்னொருத்திக்கும் வருவதில் அவனுக்கு ஓர் ஆறுதல். சாயங்காலத்துக்குள் குவாட்டர்ஸ் பூராவும் செய்தி பரவி, வாடிக்கை பாதியாகக் குறைந்தது. தங்கமணியோடு படித்த பெண்கள் இருவர் அவளை வழியில் பார்த்து, "தண்ணிப்பாலு வருது," என்றார்கள்.

அவ்வளவுதான். தங்கமணி வாளியைக் கொட்டகையில் போட்டு உடைத்துவிடுகிறவள்போல வைத்தாள்.

"நான் இனிமே போகமாட்டேன்மா. கிள்ளான்ல சித்தி இருக்கிற தோட்டத்துக்கு என்னை அனுப்பிடு. கித்தா மரத்துல ரப்பர் பால் வெட்டிப் பிழைச்சுக்கிறேன். அங்க யாருக்கும் என்னைத் தெரியாது."

படுத்தவள் மறுநாளும் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுவாள். வள்ளியம்மாவே காலையில் பாலை ஊற்றிவிட்டு வந்தாள். நாலு வீட்டில் சண்டையும் போட்டாள். அதனால் இன்னும் இரண்டு வீடு நின்றுபோனதுதான் மிச்சம். லைசென்சு போனால் போகிறது, வீட்டு வேலை செய்தாவது பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பெண் இப்படியே சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? பதினான்கு வயதில் விழுந்தவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளவா முடியும்? அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல ஏசப்போகிறாள் என்று தங்கமணி போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"தங்கம், அந்தக் குழல் ஏன் முங்குச்சுன்னு எனக்குத் தெரியல. நாம தண்ணி ஊத்தல. அந்த மனுசனும் பொய் சொல்றவரு மாதிரி இல்ல. ரெண்டும் நெசமா இருந்தா நடுவுல என்னமோ இருக்கு. எனக்கு ஏசத்தான் தெரியும். கணக்கு உனக்குத்தான் வரும். நீ பாத்துச் சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாட்டி போவட்டும். செவ்வாக்கிழமை வரைக்கும் பாரு. அப்பவும் தெரியலேன்னா நானே உன்னைக் கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

தன் வாயால் 'தெரியல' என்று அம்மா சொல்லி தங்கமணி கேட்டதே இல்லை. அவள் போர்வையை விலக்கினாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள்.

அன்று மாலை அவள் அப்பாவின் மருந்துக் குப்பி ஒன்றை எடுத்தாள். நீளக் கழுத்துள்ள குப்பி. அதில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கழுத்து மட்டும் வெளியே தெரிகிற மாதிரி தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கவிட்டாள். தக்கையால் இறுக மூடி, மெழுகு வைத்தாள். சனிக்கிழமை விடியலில் கறந்த பாலில் அதை விட்டு, பால் தொட்ட இடத்தில் கழுத்தைச் சுற்றி நூல் கட்டினாள். வள்ளியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு அது மாடு கறப்பதைவிடக் கஷ்டமான வேலை.

விற்காமல் மிஞ்சிய பால் நிறையவே இருந்தது. பத்து மணிக்கு அதைக் காய்ச்சிவிடலாம் என்று வள்ளியம்மா அடுப்பைப் பற்றவைத்தபோது, தங்கமணி குப்பியை மறுபடி பாலில் விட்டாள். நூல் பாலுக்கு மேலே ஒரு நெல் நீளம் எழும்பி நின்றது.

"குப்பி ஓட்டையா?" என்றாள் வள்ளியம்மா.

"ஓட்டைன்னா முங்கணும்மா. இது மேல வருது." அவள் கண் அகலத் திறந்திருந்தது. "ஒரே மாடு. ஒரே செம்பு. ஒரு சொட்டு சேக்கல. காலைல முங்கினது இப்ப ஏன் மேல வரணும்?"

ஒரு கிண்ணம் பாலை அடுப்பில் வெதுவெதுப்பாகும்வரை மட்டும் காட்டி எடுத்தாள். குப்பி அமிழ்ந்தது. அதே கிண்ணத்தைக் கிணற்று நீரில் நிறுத்தி ஆறவிட்டாள். குப்பி எழும்பியது. மறுபடி சுடவைத்தாள், மறுபடி ஆறவைத்தாள். மூன்று தடவையும் அது சொன்ன சொல் மாறவில்லை.

வள்ளியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அட பாவி. சூட்டோட கொண்டுபோய்க் கொடுத்தவ நான்தானே. என் பாலுக்கு நானே குத்தம் வச்சிருக்கேன்."

தங்கமணி சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் வீரசிங்கம் வந்தபோது படலோரம் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். நாகையா முன்வரிசையில் நின்றான். தங்கமணி இன்ஸ்பெக்டர் எதிரில் வந்து நின்றாள். வள்ளியம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு மாட்டைப் பார்த்தாள்.

"சார், உங்க குவளையிலேயே கறந்து தர்றோம். நீங்களே துணி போட்டுக் கட்டி முத்திரை வையுங்க. ஆனா இப்பப் பாக்காதீங்க. உங்க சுத்தெல்லாம் முடிச்சிட்டு, ஒம்பது மணிக்கு வந்து பாருங்க."

"எனக்கு வேலை கிடக்கு பிள்ளை. எல்லாருக்கும் நிண்டநிலையிலைதான் பாக்கிறனான்."

"அதனாலதான் சார் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. கறந்த சூட்டுல உங்க குழல் ஆழமா முங்குது. ஆறினா சரியா நிக்குது. நான் பாத்தேன். நான் சொல்றது பொய்யா இருந்தா ஒம்பது மணிக்கு லைசென்சை எடுத்துக்குங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வீரசிங்கம் சிரிக்கவில்லை. குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் குவளையைத் தானே துடைத்து மாட்டடியில் வைத்தார். கறந்து முடிந்ததும் குழலை விட்டுப் பார்த்தார். அமிழ்ந்தது. தன் கைக்குட்டையால் குவளை வாயைக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து, தங்கமணி காட்டிய கிணற்று நீர்த் தொட்டிக்குள் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. வீரசிங்கம் அரக்கைப் பார்த்து, முடிச்சை அவிழ்த்து, குழலை விட்டார். அது ஒரு தரம் ஆடியது. பிறகு கோட்டிலேயே நின்றது.

அவர் குனிந்து பார்த்தார். எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். அசையாமல் நின்றது.

"ஆர் உமக்கு இதைச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் சொல்லல சார். மருந்துக் குப்பில மணல் போட்டுப் பாத்தேன்."

வீரசிங்கம் தான் கொடுத்த இரண்டு காகிதங்களையும் திரும்ப வாங்கி, குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். "நான் அவசரப்பட்டிட்டன் அம்மா," என்று வள்ளியம்மாவிடம் எல்லோரும் கேட்கும்படியே சொன்னார். அவளுக்கு அவரை ஏசுவதற்கு ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த சொற்கள் அத்தனையும் அந்த இடத்தில் காணாமல் போயின.

தங்கமணி நகரவில்லை. "சார், நாகையா மாமா பாலையும் ஆற வச்சுப் பாருங்க. அவரும் சூடாத்தான் கொடுத்திருப்பாரு."

நாகையா முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தோள் துண்டை எடுத்து உதறினான். வீரசிங்கம் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அவன் பெயரை எழுதிக்கொண்டார். அதன் கீழே இன்னும் மூன்று பெயர்களை ஞாபகப்படுத்தி எழுதினார்.

கூட்டம் கலைந்ததும் தங்கமணி வாளியை எடுத்தாள். வாடிக்கை நின்றுபோன வீடுகள் பக்கமே போகப்போவதாகச் சொன்னாள். வள்ளியம்மா அவசரமாகக் கொண்டையை முடிந்துகொண்டாள்.

"இரு, நானும் வரேன்."

"நீ வராதேம்மா. நீ வந்தா சண்டை போடுவே."

வள்ளியம்மா படலிலேயே நின்றுவிட்டாள். இத்தனை மாதமும் அந்தப் பெண் வீட்டு வாசல்களில் வாய் திறந்ததே இல்லை. கதவைத் தட்டிவிட்டுத் தரையைப் பார்த்து நிற்பாள் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்போது குவாட்டர்ஸ் முதல் வரிசையிலிருந்து, "பாலு, பாலு," என்று ஒரு குரல் தெரு அதிரக் கேட்டது. அது யார் குரல் என்று ஒரு கணம் அவளுக்கே விளங்கவில்லை. விளங்கியதும் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.